மெடிகெய்ட் நின்றால் மருந்தும் நிற்க வேண்டுமா? நாள்பட்ட நோயோடு அமெரிக்காவில் வாழ்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2023 கோடையில் ஒரு நாள் மருந்துக் கடைக்குப் போனேன். முடக்குவாதத்துக்காக இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நான் போட்டுக்கொள்ளும் ஊசி தயாராக இருந்தது. ஆனால் என் மெடிகெய்ட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, பத்து நாளுக்கு முன்பே முடிந்துவிட்டது என்று மருந்தாளுநர் சொன்னார். எச்சரிக்கைக் கடிதம் நாங்கள் காலி செய்துவிட்ட பழைய வீட்டுக்குப் போயிருந்தது. அந்த ஊசியைக் கைக்காசு போட்டு வாங்க ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். வெறுங்கையோடு திரும்பினேன். மூன்றாவது வாரம் காபித் தம்ளரைப் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை.

மெடிகெய்டைத் திரும்பப் பெற்றேன். அடுத்த ஆண்டு வருமானம் கூடியதால் முறைப்படி அதிலிருந்து விலகி வேறு காப்பீட்டுக்கு மாறினேன். அதன் பிறகு, நியூ ஜெர்சியில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில், இதே சிக்கலோடு வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்ப உதவி வருகிறேன். அவர்கள் கேட்டவைதான் இந்தக் கேள்விகள். நான் வழக்கறிஞரும் அல்ல, மருத்துவரும் அல்ல. இங்கே உள்ளவை 2026-இன் விதிகள். மாநிலத்துக்கு மாநிலம் சில மாறும்.

மெடிகெய்ட் முடிகிறது என்று கடிதம் வந்திருக்கிறது. முதலில் என்ன செய்வது?

கடிதத்தில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்: எந்தத் தேதியில் முடிகிறது, ஏன் முடிகிறது. பலர் முதல் வரியைப் படித்ததும் மனம் உடைந்து கடிதத்தை மூடிவிடுகிறார்கள். காரணம் இரண்டாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் பொறுத்துத்தான் அடுத்த அடி.

"வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது" என்று இருந்தால் அது ஒரு வழி. "படிவம் வந்து சேரவில்லை", "கேட்ட ஆவணம் கிடைக்கவில்லை" என்று இருந்தால் அது முற்றிலும் வேறு வழி. இரண்டாவது காரணம் அரிதானது என்று நினைக்காதீர்கள். கொரோனா காலத்தில் யாரையும் மெடிகெய்டிலிருந்து நீக்கக் கூடாது என்றிருந்த பாதுகாப்பு 2023 மார்ச் 31-உடன் முடிந்தது. அதற்குப் பிந்தைய மறுபரிசீலனையில் நாடு முழுவதும் 2.5 கோடிக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தகுதி இல்லை என்று யாரும் ஆராய்ந்து முடிவு செய்யவில்லை. காகிதம் வந்து சேரவில்லை என்பதே காரணம். நானும் அந்தக் கணக்கில் ஒருத்தி.

இன்னொன்று: உங்களிடம் இருப்பது மெடிகெய்ட் என்பதே உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கலிபோர்னியாவில் மெடி-கால், நியூ ஜெர்சியில் என்ஜே ஃபேமிலிகேர், மாசசூசெட்ஸில் மாஸ்ஹெல்த், டென்னசியில் டென்கேர் என்று பெயர்கள் வேறு வேறு. அட்டையில் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் மட்டும் அச்சாகியிருக்கவும் கூடும்.

படிவம் அனுப்பாததால் நிறுத்திவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டுமா?

வேண்டாம். நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் அந்தப் படிவத்தையும் ஆவணங்களையும் கொடுத்தால், புதிய விண்ணப்பம் இல்லாமலே மாநிலம் உங்கள் தகுதியைப் பார்த்தாக வேண்டும். இது கூட்டரசு விதி. அலுவலகத்தில் சில ஊழியர்களுக்கே இது நினைவில் இருப்பதில்லை. என்னிடமும் "புதிதாக விண்ணப்பியுங்கள்" என்றுதான் சொன்னார்கள். "தொண்ணூறு நாள் மறுபரிசீலனைக் காலத்தில் இருக்கிறேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

இடைப்பட்ட நாட்களில் மருந்துக்கும் மருத்துவருக்கும் நீங்கள் கொடுத்த பணத்தின் ரசீதுகளை எறிந்துவிடாதீர்கள். தகுதி இருந்திருந்தால், விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய மூன்று மாதம் வரைக்கும் மெடிகெய்ட் பின்னோக்கிப் பொருந்தும் என்பது பொது விதி. சில மாநிலங்கள் இதைச் சுருக்க அனுமதி பெற்றிருக்கின்றன. 2027 ஜனவரி முதல் நாடு முழுவதும் இது ஒரு மாதமாகவோ இரண்டு மாதமாகவோ குறைகிறது.

அவர்கள் முடிவே தவறு என்று நினைக்கிறேன். எதிர்க்க முடியுமா?

முடியும். நிறுத்துவதற்குக் குறைந்தது பத்து நாளுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். உங்களுக்கு விசாரணை கேட்கும் உரிமை உண்டு. நிறுத்தும் தேதிக்கு முன்பே விசாரணை கேட்டால், தீர்ப்பு வரும்வரை மெடிகெய்டைத் தொடரச் சொல்லலாம். டயாலிசிஸில் இருப்பவருக்கும் கீமோதெரபி எடுப்பவருக்கும் இது பெரிய விஷயம். தோற்றால் இடைக்காலச் செலவைத் திருப்பிக் கேட்கக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். சட்ட உதவி மையங்கள் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை; தனியாகப் போகாதீர்கள்.

சம்பளம் உண்மையிலேயே கூடிவிட்டது. அவ்வளவுதானா?

அவ்வளவுதான் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். மெடிகெய்டை விரிவுபடுத்திய மாநிலங்களில் வயது வந்தோருக்கான வரம்பு வறுமைக் கோட்டின் 138 விழுக்காடு. தனி ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 டாலர். இது ஒரு கதவுதான். மெடிகெய்டுக்கு வேறு கதவுகளும் உண்டு. கருவுற்ற பெண்களுக்கு வரம்பு உயரம். மார்பக அல்லது கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குத் தனி வழி உண்டு. உடற்குறையோடு வேலை பார்ப்பவர்கள் சிறிய கட்டணம் கட்டி மெடிகெய்டில் இருக்கும் திட்டம் பல மாநிலங்களில் இருக்கிறது. சில மாநிலங்களில் மருத்துவச் செலவை வருமானத்திலிருந்து கழித்துப் பார்க்கிறார்கள். வேறு எந்த வகையிலும் தகுதி இல்லை என்று பார்த்த பிறகுதான் மாநிலம் ஒருவரை நீக்க வேண்டும். நடைமுறையில் உங்கள் நோய் அவர்கள் கோப்பில் இல்லையென்றால் எப்படிப் பார்ப்பார்கள்? நீங்களே கேளுங்கள்.

பிள்ளைகளைத் தனியாகப் பாருங்கள். பெற்றோருக்குத் தகுதி போன வருமானத்திலும் பிள்ளைகளுக்கு மெடிகெய்டோ, சிப் (CHIP) என்கிற பிள்ளைகளுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமோ இருக்கலாம். 2024 முதல், தகுதி பெற்ற பிள்ளைக்குப் பன்னிரண்டு மாதம் தொடர்ச்சியாகக் காப்பீடு தர வேண்டும் என்பது சட்டம். வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கடிதம் வந்தால் பிள்ளைகளின் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆஸ்துமா உள்ள ஒரு குழந்தைக்கு நான்கு மாதம் காப்பீடு இல்லை என்று நினைத்து, இன்ஹேலரைக் கைக்காசில் வாங்கிய ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். அந்தக் குழந்தையின் மெடிகெய்ட் நிற்கவே இல்லை.

நோய் இருப்பதால் தனியார் காப்பீடு என்னைச் சேர்க்க மறுக்குமா?

மார்க்கெட்பிளேஸ் என்கிற அரசுக் காப்பீட்டுச் சந்தையில் விற்கும் திட்டங்கள் மறுக்க முடியாது. நோயைக் காட்டிக் கூடுதல் பணமும் கேட்க முடியாது. காத்திருப்புக் காலமும் கிடையாது. 2010-இல் இயற்றிய சட்டத்தின்படி 2014 ஜனவரி 1 முதல் இதுதான் நிலை.

அந்தச் சந்தையில் சேர எத்தனை நாள் அவகாசம்?

கூட்டரசு நடத்தும் ஹெல்த்கேர் டாட் கவ் (HealthCare.gov) தளத்தைப் பயன்படுத்தும் மாநிலங்களில், மெடிகெய்ட் முடிந்த நாளிலிருந்து 90 நாள். நியூ யார்க், கலிபோர்னியா, நியூ ஜெர்சி போன்றவை தங்கள் சொந்தத் தளங்களை நடத்துகின்றன. அங்கே 60 நாள்தான் என்று வைத்துக்கொண்டு செயல்படுவது பாதுகாப்பு.

ஆனால் 90 நாள் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். காப்பீடு, திட்டத்தைத் தேர்ந்தெடுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதியில்தான் தொடங்கும். மெடிகெய்ட் ஜூன் 30-இல் முடிகிறது என்று வையுங்கள். ஜூன் 30-க்குள் தேர்ந்தெடுத்தால் ஜூலை 1 முதல் காப்பீடு. ஜூலை 5-இல் தேர்ந்தெடுத்தால் ஆகஸ்ட் 1. ஐந்து நாள் தாமதம் ஒரு மாத மருந்தைப் பறித்துவிடும். கடிதம் கைக்கு வந்த வாரமே தளத்தில் உட்காருங்கள். முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முதல் மாத பிரீமியத்தைக் கட்டினால்தான் காப்பீடு உயிர் பெறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்தத் திட்டத்தை எடுப்பது? பிரீமியம் குறைந்த பிரோன்ஸ் (Bronze) திட்டம் போதாதா?

நல்ல உடம்புக்காரருக்குப் போதுமானதாக இருக்கலாம். மாதாமாதம் மருந்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை என்று வாழ்கிறவர்களுக்குப் பெரும்பாலும் போதாது. இதில் நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்.

மெடிகெய்டிலிருந்து வருகிறவர்கள் பிரீமியத்தை மட்டும்தான் பார்ப்பார்கள், ஏனென்றால் டிடக்டிபிள் என்ற ஒன்று அவர்கள் வாழ்க்கையில் இருந்ததில்லை. காப்பீடு தன் பங்கைக் கொடுக்கத் தொடங்கும் முன் உங்கள் பையிலிருந்து போக வேண்டிய தொகை அது. பிரோன்ஸ் திட்டங்களில் அது பல ஆயிரம் டாலர். வருமானம் வறுமைக் கோட்டின் 250 விழுக்காட்டுக்குள் இருந்தால், அதற்கு மேலடுக்கான சில்வர் திட்டத்தில் மட்டும் அந்தச் சுமையைக் குறைக்கும் சலுகை கிடைக்கும். 150 விழுக்காட்டுக்குள் இருப்பவருக்கு அந்த சில்வர் திட்டம் சராசரியாக மருத்துவச் செலவில் 94 விழுக்காட்டை ஏற்கும். 200 விழுக்காடு வரை 87. அது பிளாட்டினம் என்கிற உச்ச அடுக்குத் திட்டத்துக்கு ஏறத்தாழ இணை. அதே ஆள் பிரோன்ஸ் எடுத்தால் இந்தச் சலுகை முழுவதும் போய்விடும். மாதம் இருபது டாலர் மிச்சம் பிடிக்கப் போய் ஆண்டுக்கு நான்காயிரம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து மருந்துப் பட்டியல். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிப் பட்டியல் உண்டு. உங்கள் மருந்தின் பெயர், அளவு, ஊசியா மாத்திரையா என்பது வரை எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள். பட்டியலில் இருக்கிறது என்பது மட்டும் போதாது: எந்த அடுக்கில் இருக்கிறது, முன் அனுமதி வேண்டுமா, வேறு மருந்தை முதலில் முயன்று பார்க்கச் சொல்கிறார்களா என்பவை அருகிலேயே சின்னக் குறியீடுகளாக இருக்கும். பிறகு மருத்துவரின் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். "இந்த நிறுவனத்தை ஏற்கிறீர்களா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆம் என்பார்கள். திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லி, அந்த வலையமைப்பில் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

ஓர் ஆண்டில் உங்கள் பங்காக அதிகபட்சம் எவ்வளவு போகலாம் என்பதற்கு வரம்பு உண்டு. 2026-இல் தனி ஆளுக்கு 10,600 டாலர். சில்வர் சலுகை உள்ளவர்களுக்கு இது வெகுவாகக் குறையும். விலையுயர்ந்த ஊசி போடுகிறவர்கள் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதை எப்படியும் தொட்டுவிடுவோம். அக்டோபரில் சேர்ந்தாலும் டிடக்டிபிள் முழுத்தொகைதான், ஜனவரியில் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அவசரம் இல்லாத அறுவை சிகிச்சை, ஸ்கேன் போன்றவற்றின் தேதியை இதைப் பார்த்து வையுங்கள்.

பிரீமியத்துக்கு அரசு உதவி இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் சுருங்கிவிட்டது. 2021-இல் கூட்டிக் கொடுத்த உதவி 2025 இறுதியோடு முடிந்தது. 2026-இல் வருமானம் வறுமைக் கோட்டின் 400 விழுக்காட்டைத் தாண்டினால், அதாவது தனி ஆளுக்கு 62,600 டாலர், நால்வர் குடும்பத்துக்கு 1,28,600 டாலர், உதவி அடியோடு இல்லை. கீழே இருப்பவர்களுக்கும் பிரீமியம் முன்பைவிட அதிகம்.

வருமானத்தை மதிப்பிடும்போது மிகவும் கவனமாக இருங்கள். கூடுதலாக வாங்கிய உதவியை வரிக் கணக்கில் திருப்பித் தருவதற்கு முன்பு ஓர் உச்சவரம்பு இருந்தது. 2026 வரியாண்டு முதல் அது கிடையாது. முழுவதையும் தர வேண்டும். ஊபர் ஓட்டுபவர், வீட்டிலிருந்து சமைத்துக் கொடுப்பவர் போன்று மாதாமாதம் வருமானம் மாறுகிறவர்கள் மாறும்போதெல்லாம் தளத்தில் திருத்துங்கள்.

வேலை செய்யும் இடத்தில் காப்பீடு இருக்கிறது. நடுவில் சேர விடுவார்களா?

மெடிகெய்ட் போனால் 60 நாளுக்குள் கேட்கும் உரிமை உண்டு. மற்ற காப்பீட்டை இழந்தவர்களுக்கு 30 நாள்தான் என்பதால் மனிதவள அலுவலர்கள் குழப்பிக்கொள்வார்கள். கணவன் அல்லது மனைவியின் வேலையிடத்துக்கும் இது பொருந்தும். எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் மாநிலம் மெடிகெய்டை விரிவுபடுத்தவில்லை. வருமானமும் மிகக் குறைவு.

டெக்சஸ், புளோரிடா உட்படப் பத்து மாநிலங்கள் இன்னும் முழுமையாக விரிவுபடுத்தவில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றில் வருமானம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளையற்ற பெரியவர்களுக்கு மெடிகெய்டும் இல்லை, சந்தையில் உதவியும் இல்லை. ஏழையாக இருப்பதால் உதவி மறுக்கப்படும் இந்தப் பள்ளத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஆண்டு வருமானம் கோட்டைத் தொடும் வாய்ப்பு நியாயமாக இருந்தால் அதைச் சரியாகக் கணக்கிட்டு விண்ணப்பியுங்கள். சுயதொழில் வருமானத்தையும் சேர்க்க மறக்காதீர்கள். இல்லையென்றால் கீழே சொல்லும் மருத்துவ மையங்களே வழி.

அம்மா, அப்பா கிரீன் கார்டில் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு?

1996 சட்டப்படி கிரீன் கார்டு பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஐந்து ஆண்டுகள் கூட்டரசு மெடிகெய்ட் இல்லை. சில மாநிலங்கள் சொந்தப் பணத்தில் கொடுத்தவற்றையும் இப்போது குறைத்து வருகின்றன. சந்தைத் திட்டத்தை அவர்கள் வாங்கலாம். 65 தாண்டியிருந்தாலும், மூத்தோருக்கான கூட்டரசுக் காப்பீடான மெடிகேருக்குத் தகுதி இல்லாதவரைக்கும் வாங்கலாம். பெற்றோருக்கென்று வருமானம் இல்லாவிட்டால், இந்த ஐந்தாண்டுத் தடையால் மெடிகெய்ட் கிடைக்காதவர்களுக்குச் சந்தையில் முன்பு கிடைத்த பிரீமியம் உதவி 2026 தொடக்கத்தோடு நின்றது. ஆனால் உங்கள் வரிக் கணக்கில் அவர்களைச் சார்ந்திருப்போராகக் காட்டினால், உங்கள் குடும்ப வருமானத்தை வைத்தே உதவி கணக்கிடப்படும். இதைப் பலர் தவறவிடுகிறார்கள். 65 வயதாகி, இங்கே தொடர்ந்து ஐந்து ஆண்டு வசித்த பிறகு மெடிகேரை விலைக்கு வாங்கலாம்: 2026-இல் மாதம் மருத்துவமனைப் பகுதிக்கு 565 டாலர் வரை, மருத்துவர் பகுதிக்கு 202.90 டாலர்.

புதிய காப்பீடு தொடங்க இன்னும் மூன்று வாரம். மருந்து தீரப் போகிறது.

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களைப் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிடுவேன்.

மெடிகெய்ட் இன்னும் முடியவில்லை என்றால் இன்றே எல்லா மருந்தையும் நிரப்புங்கள். மூன்று மாத மருந்து எழுத முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். முடிந்துவிட்டது என்றால் மருத்துவரின் செவிலியரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்; மாதிரி மருந்து இருக்கலாம், விலை குறைந்த ஜெனரிக்குக்கு மாற்றலாம். மாத்திரையைப் பாதியாக உடைத்து நாளைக் கடத்துவதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதும் வேண்டாம். ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து, ரத்தம் உறையாமைக்கான மருந்து, இன்சுலின் ஆகியவற்றைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

இன்சுலினுக்கு இப்போது வழி இருக்கிறது. லில்லி, நோவோ நார்டிஸ்க், சனோஃபி மூன்றும் காப்பீடு இல்லாதவர்களுக்கு மாதம் 35 டாலர் திட்டம் நடத்துகின்றன. மினசோட்டாவில் 2020 சட்டப்படி அவசரத்துக்கு 30 நாள் இன்சுலின் 35 டாலருக்குள் மருந்துக் கடையிலேயே கிடைக்கும். பழைய வகை இன்சுலின் வால்மார்ட்டில் மலிவு. ஆனால் அது வேலை செய்யும் நேரமே வேறு, மருத்துவரைக் கேட்காமல் மாறாதீர்கள்.

கூட்டரசு நிதி பெறும் சமூக மருத்துவ மையங்கள் நாடெங்கும் உள்ளன. வருமானத்துக்கு ஏற்பத்தான் கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழே என்றால் பெயருக்கு ஒரு தொகை.  பல மையங்களில் மருந்தும் சலுகை விலையில் கிடைக்கும். மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், இலாப நோக்கற்ற மருத்துவமனைகள் நிதியுதவித் திட்டம் வைத்திருப்பது சட்டக் கட்டாயம். முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். பில்லைக் கிரெடிட் கார்டில் போடுவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

மருந்து விலையில் உங்கள் பங்கைக் குறைக்கத் தயாரிப்பு நிறுவனங்கள் தரும் கோபே அட்டைகளை மெடிகெய்டில் பயன்படுத்த முடியாது. தனியார் காப்பீட்டுக்கு மாறியதும் முடியும். என் ஊசிக்கு என் பங்கு ஐந்து டாலராகக் குறைந்தது அப்படித்தான்.

புதிய காப்பீடு என் மருந்தை ஏற்க மறுக்கிறது.

மருத்துவர் மூலம் விதிவிலக்கு கேளுங்கள். 72 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். உடல்நலம் கெடும் அவசரம் என்றால் 24 மணி நேரத்தில். ஏற்கெனவே எந்தெந்த மருந்து எடுத்து எது பயனளிக்கவில்லை என்ற பழைய பதிவுகளை மெடிகெய்ட் மருத்துவரிடமிருந்து முன்கூட்டியே வாங்கி வைத்தால் பாதி வேலை முடிந்தது. அப்போதும் மறுத்தால் 180 நாளுக்குள் உள் மேல்முறையீடு, அதன் பிறகு நிறுவனத்துக்குத் தொடர்பில்லாதவர்களின் வெளி ஆய்வு.

சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. வயது 42 தான். மெடிகேர் கிடைக்குமா?

நீங்களோ வாழ்க்கைத் துணையோ போதிய ஆண்டுகள் வேலை செய்து வரி கட்டியிருந்தால் கிடைக்கும், வயது தடையில்லை. பொதுவாக டயாலிசிஸின் நான்காவது மாதம் தொடங்கும். வீட்டு டயாலிசிஸ் பயிற்சி எடுத்தால் முதல் மாதமே. உடற்குறை ஓய்வூதியம் பெறுவோருக்கு 24 மாதம் காத்திருப்பு உண்டு. ஏற்கெனவே 65 ஆகி, மெடிகெய்டை நம்பி மெடிகேரில் சேராமல் விட்டவர்களுக்கு, மெடிகெய்ட் போன பிறகு ஆறு மாதம் அபராதமின்றிச் சேரும் வாய்ப்பு இருக்கிறது.

போனில் மாதம் 90 டாலருக்கு முழுக் காப்பீடு என்கிறார்கள்.

வைத்துவிடுங்கள். குறுகியகாலத் திட்டங்கள், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் திட்டங்கள், செலவைப் பகிரும் மதக் குழுக்கள் ஆகியவை ஏற்கெனவே உள்ள நோயை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லாதவை.

2027-இல் வேலை செய்தால்தான் மெடிகெய்ட் என்கிறார்களே?

2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டம் அது. 2027 ஜனவரி 1-க்குள் மாநிலங்கள் அதைத் தொடங்க வேண்டும்; அதன்படி விரிவாக்க வகையில் உள்ள 19 முதல் 64 வயதினர் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சமூகத் தொண்டோ காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். கடுமையான அல்லது சிக்கலான நோய் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு தானாக வந்து உங்கள் கோப்பில் உட்காரும் என்று நம்பாதீர்கள். இப்போதே மருத்துவரிடம் நோயின் பெயரும் அது வேலையை எப்படித் தடுக்கிறது என்பதும் எழுதிய கடிதம் வாங்குங்கள். இந்த விதியால் மெடிகெய்டை இழப்பவர்களுக்குச் சந்தையில் பிரீமியம் உதவியும் கிடையாது என்பதால் இதை அலட்சியம் செய்ய முடியாது.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. தமிழில் கேட்க முடியுமா?

முடியும். மெடிகெய்ட் அலுவலகமும் மார்க்கெட்பிளேஸும் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். மார்க்கெட்பிளேஸ் எண் 1-800-318-2596. அழைத்ததும் "தமிழ் இன்டர்பிரெட்டர்" என்ற இரண்டு சொல் போதும்; மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும்வரை சில நிமிடம் காத்திருக்கச் சொல்வார்கள், வைத்துவிடாதீர்கள். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். அம்மாவின் நோயைப் பற்றி அந்தப் பிள்ளை அப்படித் தெரிந்துகொள்ளக் கூடாது. பேசியவரின் பெயர், தேதி, அழைப்பு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அழைப்பை முடிக்கும் முன், பதிவில் இருக்கும் உங்கள் வீட்டு முகவரியை ஒரு முறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.